கன்னத்துக்கு நூறு நாள் காவல்

சலனியேத்தா எங்கே போனாலும் சட்டென்று உட்கார மாட்டாள். குனிந்து ஒரு பிடி மணலை அள்ளுவாள். இடுப்பு உயரத்திலிருந்து அதை மெல்ல விட்டு, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பாள். பிறகு காற்று வருகிற பக்கமாகத் தன் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு மற்றவர்களுக்கு எதிர்ப்பக்கத்தைக் காட்டுவாள். "ம், இப்ப உக்காருங்க. இருமுறவங்க கடலைப் பாத்து இருமுங்க. மீனுக்குச் சளி பிடிக்காது." கல்யாணமோ சாவோ, தலைவர் வீட்டு விருந்தோ, எதுவானாலும் இதில் மாற்றம் இல்லை. சர்ச்சுக்குள் மணல் கிடையாது என்பதால் அங்கே பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பிடித்து, தாள் எந்தப் பக்கம் படபடக்கிறது என்று பார்ப்பாள்.

பார்க்கிறவர்களுக்கு அவள் ஏதோ நாடகத்துக்கு வேஷம் கட்டியவள் போலத்தான் தெரிவாள். தலையில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஓலைத் தொப்பி. புருஷன் இலியேசாவின் முழுக்கைச் சட்டை. ஒரு கம்பி போன குடை. அவளுக்கு வெயில் ஆகாது. அரைமணி நேரம் பட்டால் போதும், மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்து தடித்துவிடும். ஆனால் பிழைப்போ கடலில். நாமா பறிப்பாள். பச்சை முத்துகளைக் கோத்தது போல் பவளத்திட்டில் கொத்துக்கொத்தாக வளரும் பாசி அது. மூச்சைப் பிடித்து முங்கி, வேரைப் பிய்க்காமல் கிள்ளி, கூடையில் போட வேண்டும். சனிக்கிழமைப் படகில், பெரிய தீவிலுள்ள லவுத்தோக்கா டவுன் சந்தைக்குப் போகும். விடிந்தும் விடியாததுமாய்த் திட்டுக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவாள்.

நான் யசாவாத் தீவுகளில் இந்த வாய்தோகா ஊருக்கு டீச்சராக வந்து பதினேழு வருஷமாகிறது. இரண்டு வருஷம் இருந்துவிட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் வந்தேன். ஓடாததற்குக் காரணங்களில் ஒன்று பக்கத்து வீட்டுச் சலனியேத்தா. அவள் வாய்க்குப் பயந்தே பலபேர் அந்த வழியாகப் போவதில்லை. எனக்கோ அந்த வாயைக் கேட்காவிட்டால் அன்றைக்குப் பொழுது போகாது.

அவளுக்கு வந்திருப்பது லூபஸ். வேலியே பயிரை மேய்ந்த கதை. நோய்க்கிருமியை அடிக்க வேண்டிய உடம்பு தன் மூட்டையும் தோலையும் சிறுநீரகத்தையும் தானே போட்டு அடிக்கிறது. அவள் இதை வேறு மாதிரி சொல்வாள். "எனக்குள்ள ஒரு காவல் நாய் இருக்கு டீச்சர். அதுக்குக் கண்ணு தெரியல, வீட்டுக்காரியையே கடிக்குது. டாக்டரம்மா குடுக்கிற மாத்திரை அதைத் தூங்க வெக்குது. நாய் தூங்கினா என்ன ஆகும்? திருடன் ஜாலியா உள்ள வருவான்." பன்னிரண்டு வருஷப் பள்ளிப் பாடப் புத்தகத்தில் நான் படித்ததைவிட இது எனக்கு நன்றாகப் புரிந்தது.

திருடன் வந்தது போன வருஷம் ஜூன் மாதம். அவனைக் கதவைத் திறந்து உள்ளே விட்டவர்கள் நாங்கள். இதை எழுதக் கை கூசுகிறது, எழுதித்தான் ஆக வேண்டும்.

எங்கள் ஊரில் பிரியமானவரைக் கண்டால் கைகுலுக்குவது கிடையாது. கன்னத்தில் மூக்கை வைத்து மூச்சை உள்ளே இழுப்போம். நம் பக்கத்தில் பிள்ளையை உச்சி முகர்வதில்லையா, அதேதான். இங்கே பெரியவர்களுக்கும் உண்டு. சலனியேத்தா பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்து, நோய்க்குப் பெயர் தெரிந்து, மாத்திரை ஆரம்பித்து வீடு திரும்பியதும் ஊர் மொத்தமும் நன்றி சொல்லி ஜெபம் பண்ணப் போனது. அறுபது பேர் வரிசையில் நின்று அறுபது பேரும் கன்னத்தை முகர்ந்தோம். நானும்தான். கடைசியாக வந்தான் மெசுலாமே. அவளுடைய மாமன் மகன், கேலி பேசும் முறை. "மதினி, ஆஸ்பத்திரி சோப்பு வாசனை வருது, இரு சரியா பாக்கறேன்" என்று மூக்கை வைத்தவன் எடுக்கவே இல்லை. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனுக்கு இரண்டு நாளாக மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "வெறும் ஜலதோஷம், சும்மா" என்று என்னிடமே சொன்னான். நானும் சும்மா என்றுதான் நினைத்தேன்.

ஐந்தாம் நாள் அவளால் வீட்டு வாசலிலிருந்து கிணற்றடிக்கு நடக்க முடியவில்லை. ஏழாம் நாள் உதடு நீலமாயிற்று. இலியேசா நாலு மணி நேரம் அலையில் படகை ஓட்டி அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஃப்ளூ நுரையீரலில் இறங்கிவிட்டது என்றார்கள். ஊருக்கெல்லாம் நாலு நாள் தும்மலோடு போனது அவளைப் பத்தொன்பது நாள் ஆக்ஸிஜன் முகமூடிக்குள் படுக்க வைத்தது. படம் எடுத்துப் பார்த்ததில் இரண்டு பக்கமும் வெள்ளை, கண்ணாடியில் ஊதின ஆவி போல. நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். அந்த வாய் பேசாமல் கிடந்தது. வராந்தாவில் நின்று அழுதேன், அதைச் சொல்வதற்கென்ன வெட்கம்.

பிழைத்தாள். டாக்டரம்மா ஒன்று மட்டும் கறாராகச் சொன்னார். "வருஷா வருஷம் குளிர் மாசத்துல ஊர்ல இருக்காதீங்க. டவுன்ல தனி ரூம் எடுத்து இருங்க. இன்னொரு தடவை இது நெஞ்சுக்கு இறங்கினா நான் காப்பாத்திடுவேன்னு சொல்ல மாட்டேன்." இலியேசா வாய் திறந்து நாலு வார்த்தை பேசினால் அதிசயம். அவன் பேசாமல் போய் லவுத்தோக்காவில் ஓர் அறையைப் பார்த்துவிட்டு வந்தான்.

சலனியேத்தா அறையைப் போய்ப் பார்த்தாள். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், எதிரே சுவர். திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்: "அங்க நான் நல்லா மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருப்பேன் டீச்சர். யாருக்காக விடுறது?"

ஊரிலேயே இருந்து ஒதுங்கிக்கொள்ளலாம் என்று முதலில் பார்த்தாள். யாராவது கிட்டே வந்தால் உள்ளங்கையைக் காட்டுவாள். ஊர் விடுமா? எங்கள் ஊரில் கன்னம் கொடுக்காவிட்டால் 'உன் மேல் நாற்றம்' என்று சொன்னதாக அர்த்தம். அவளுடைய சித்தி வசேமாதா மூன்று நாள் சோறு தின்னாமல் அழுதாள். "நான் நாறுறேனாடி? உனக்குக் குண்டி கழுவி விட்டவ இப்ப நாறுறேனா?" டவுனுக்குப் போய் வந்ததில் சலனியேத்தாவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று கிணற்றடியில் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? போதாக்குறைக்கு மெசுலாமே அவள் இருக்கும் பக்கமே வருவதை விட்டுவிட்டான். தீவின் அந்தப்புறம் மரவள்ளித் தோட்டத்தில் குடிசை போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தான்.

இந்த வருஷம் மே மாதக் கடைசி. பூமியின் தென்பாதியில் இருக்கும் இங்கே அப்போதுதான் குளிர்காலம்; குளிர் காற்று தொடங்கிவிட்டது. இலியேசா அவள் துணிகளைப் பெட்டியில் அடுக்கிவிட்டான். அன்றைக்குச் சாயங்காலம் அவள், இடித்துக் கரைத்துச் சபையில் குடிக்கிற யங்கோனா வேரில் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு ஊர்த் தலைவர் ராத்து நயாசியின் வீட்டுக்குப் போனாள். வேண்டுதல் உள்ளவர்கள் வேரை வைத்துக் கேட்பது வழக்கம். பெண்பிள்ளைக்காக ஆண்பிள்ளை பேசுவதும் வழக்கம். இலியேசா தொண்டையைக் கனைத்தான், அதோடு சரி. அவளே பேசினாள்.

"ராத்து, போன வருஷம் தெக்குத் திட்டுக்குத் தம்பு போட்டீங்க. நூறு நாள் யாரும் வலை போடல. மீன் பெருகிச்சு. ஆமாவா இல்லையா?"

தம்பு என்றால் தலைவர் போடும் தடை. கம்பு நட்டு மரப்பட்டைத் துணியைக் கட்டிவிட்டால், பசியில் சாகிறவன்கூட அந்தத் தண்ணீரில் தூண்டில் போட மாட்டான்.

"ஆமா. அதுக்கென்ன?" என்றார் ராத்து.

"என் கன்னத்துக்கு ஒரு தம்பு போடுங்க. நூறு நாள்."

கூடியிருந்த சபை அவளைத் திரும்பிப் பார்த்தது. பிறகு ராத்துவே கேட்டார். "கன்னத்துக்கா? கன்னத்துல என்ன மீனா மேயுது?"

"மீன் மேயல ராத்து. ஊரே மேயுது!"

சிரிப்பு ஓலைக்கூரையைத் தூக்கிற்று. அவள் சிரிக்கவில்லை. "திட்டை விட்டு வெச்சா மீன் பெருகுது. என்னை விட்டு வெச்சீங்கன்னா என் நெஞ்சுல மூச்சு பெருகும். நான் வேணாம்னா என் சித்தி அழுவுறா. நீங்க வேணாம்னா யாரும் அழ மாட்டாங்க. டவுன்ல அந்த ரூமுக்குப் போனா நான் நோயில சாக மாட்டேன், உங்களை எல்லாம் பாக்காமச் செத்துப்போவேன். இங்க இருக்கணும். உசுரோட இருக்கணும். ரெண்டும் வேணும்." கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அவள் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

முன்னோர் யாரும் கன்னத்துக்குத் தம்பு போட்டதில்லை. மறுத்திருந்தால் குற்றம் சொல்ல ஆளில்லை. ராத்து நயாசி கை நீட்டி வேர்க் கட்டைத் தொட்டார். வேண்டுதலை ஏற்றதற்கு அடையாளமாக உள்ளங்கையைக் குவித்து மூன்று முறை தட்டினார். முடிந்தது! மறுநாள் காலை அவள் வேலியில் கம்பு நட்டு மரப்பட்டைத் துணி கட்டியாயிற்று. அதில் கிழித்த ஒரு நாடா அவள் கழுத்தில். மீறினால் தண்டம் ஒரு பன்றி.

அந்த வாரமே தடுப்பூசிப் படகு வந்தது. வழக்கமாக நர்ஸ் வந்தால் எங்கள் ஆண்கள் மீன்பிடிக்கப் போய்விடுவார்கள். இந்தமுறை சலனியேத்தா முதல் ஆளாகச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்று, ஊசி போட்டுக்கொண்டதும் படகுத்துறையில் போய்க் குடையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்து, வலையோடு நழுவ வந்த ஆண்களை மறித்தாள். "எங்க போறீங்க மச்சான்மாரே? சுறாவுக்குப் பயப்படாத ஆளு ஊசிக்கா பயப்படுறது? நூறு நாள் கழிச்சு என் கன்னம் வேணும்னா இன்னிக்குக் கையைக் காட்டுங்க!" நர்ஸ் கொண்டுவந்த ஊசி தீர்ந்துபோய் மறுபடி ஒரு நடை வந்தாள்.

தம்புவை முதலில் மீறப் பார்த்தவர் வெளித்தீவிலிருந்து வந்த போதகர். பாவம், அவருக்குத் தெரியாது. ஆராதனை முடிந்து வாசலில் எல்லோரையும் முகர்ந்துகொண்டே வந்தவர் சலனியேத்தாவிடம் குனிந்தார். அறுபது தொண்டையிலிருந்து "தம்பு!" என்று ஒரு சத்தம். மனிதர் பைபிளைக் கீழே போட்டுவிட்டார். தொடவே இல்லையே என்று அவர் வாதாடிப் பார்த்தார். "மூக்கு எல்லைக்குள்ள வந்துடுச்சு" என்று ராத்து தீர்ப்புச் சொன்னார். பன்றியைக் குழியடுப்பில் சுட்டுத் தின்றோம். புதன்கிழமை போதகருக்கு நல்ல காய்ச்சல் என்று செய்தி வந்தது. அதற்கப்புறம் தம்புவைப் பற்றி யாரும் நக்கலாகப் பேசவில்லை. வசேமாதா சித்திதான் இப்போது காவல்காரி. எங்கேயாவது தும்மல் கேட்டால் துடைப்பத்தோடு வருவாள்.

ஜூலையில் ஃப்ளூ ஊருக்குள் வந்தே விட்டது. ஊசி போட்டதில் முக்கால்வாசிப் பேர் இரண்டு நாளில் எழுந்துகொண்டார்கள். நான் ஊசி வரிசையில் பெரிய மனுஷியாக எல்லோரையும் முன்னே அனுப்பிவிட்டு, கடைசியில் மருந்து தீர்ந்து, இரண்டாம் நடைக்குச் சோம்பல்பட்டவள். பத்து நாள் படுக்கை. தினமும் என் வேலிக்கம்பத்தில் எலுமிச்சை பிழிந்த மீன் கஞ்சி ஒரு போசியில் இருக்கும். காற்று வருகிற பக்கத்திலிருந்து குரல் மட்டும் வரும்: "படிச்சவங்க கஞ்சி குடிச்சீங்களா? ஊசின்னா என்னன்னு புத்தகத்துல போட்டிருக்கா?"

இலியேசாவுக்கு ஒருநாள் காலையில் தொண்டை கரகரத்தது. பாயையும் ஒரு குலை வாழைப்பழத்தையும் எடுத்துக்கொண்டு படகை ஐம்பது கெஜம் தள்ளி நங்கூரம் போட்டுக்கொண்டான். ஒன்பது நாள் அங்கேயே. அவள் கரையில் நின்று ஊர்க்கதை எல்லாம் கத்துவாள். அவன் அங்கிருந்து கையைத் தூக்குவான். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் புருஷன் இவ்வளவு கவனமாகத் தன் பேச்சைக் கேட்டதில்லை என்று பெருமை அவளுக்கு.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் அவள் இருமினாள். ஒரே ஓர் இருமல். தெருவில் போனவர்கள் அப்படியே நின்றார்கள். இரண்டாவது வந்தது. இலியேசா படகை நோக்கி ஓடினான். வசேமாதா சித்தி மண்டிபோட்டு ஜெபத்தை ஆரம்பித்துவிட்டாள். சலனியேத்தா கண்ணில் நீர் முட்ட நெஞ்சைக் குத்திக்கொண்டு, கடைசியில் பேச்சு வந்து, "மரவள்ளிக் கிழங்குடி! விக்கிக்கிச்சு! ஒருத்தி நிம்மதியா விக்கக்கூட விடமாட்டீங்களா?" என்றாள்.

செப்டம்பரில் டாக்டரம்மா மறுபடி படம் எடுத்துப் பார்த்தார். வெள்ளை போய்விட்டது. காற்று நிறைந்த நெஞ்சு படத்தில் கறுப்பாகத்தான் தெரியுமாம். அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து வீட்டு ஜன்னலில் ஒட்டியிருக்கிறாள். வருகிறவர்களிடம் வெளிச்சத்தில் காட்டி, "பாத்தீங்களா, என் நுரையீரலும் என் நிறத்துக்கு வந்துடுச்சு!" என்பாள். போன வருஷம் கிணற்றடி வரை நடக்க முடியாதவள், இப்போது ஒரு முங்கலில் இரண்டு கைப்பிடி நாமா கிள்ளிக்கொண்டு மேலே வருகிறாள். மாத்திரை மட்டும் அப்படியே நடக்கிறது. நாய்க்கு இன்னும் கண் தெரியவில்லை.

நூறாவது நாள் தம்பு எடுக்கும் விருந்து. திட்டுக்குத் தம்பு எடுத்தால் எப்படி நடக்குமோ அப்படியே கடற்கரையில் பாய் விரித்து, சேம்பும் பன்றியும் மீனுமாய் அமர்க்களம். ராத்து அவள் கழுத்திலிருந்த நாடாவை அவிழ்த்தார். ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். ஓர் ஆச்சரியம் பார்த்தேன். மூக்கு அடைத்திருந்த நாலு பேர் யாரும் சொல்லாமலே விலகிப் போய்க் காற்று போகிற பக்கம் நின்றுகொண்டு, அங்கிருந்தே மூச்சை இழுத்துக் காட்டினார்கள். அடேங்கப்பா, இந்த ஊரா என்றிருந்தது. வசேமாதா சித்தி தன் முறை வந்ததும் முகர்ந்துவிட்டு, "நான் நாறுறேனா?" என்று கேட்டாள். "நல்லாவே" என்றாள் சலனியேத்தா. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

வரிசை முடிந்தது. அப்போதுதான் எல்லோரும் கவனித்தோம். படகுகளுக்குப் பின்னால் மெசுலாமே நின்றுகொண்டிருந்தான். தீவைச் சுற்றி நடந்து வந்திருக்கிறான். பக்கத்தில் வரவில்லை.

"மச்சான், சளி இருக்கா?" என்று சலனியேத்தா இங்கிருந்தே கத்தினாள்.

"இல்ல மதினி."

"ஊசி போட்டியா?"

"ரெண்டாம் நடையில போட்டேன்."

"அப்புறம் என்ன, வாயேன்."

அவன் தலையை ஆட்டினான். "ராத்து போட்ட தம்புவை ராத்து எடுத்துட்டாரு. எனக்கு நான் போட்டுக்கிட்டது இருக்கே. உன்னை அந்த ஆஸ்பத்திரியில படுக்க வெச்சது இந்த மூக்குதான்." நாற்பது வயது ஆள், குரல் குழந்தை மாதிரி இருந்தது.

சலனியேத்தா இரண்டு தொப்பியையும் கழற்றி என்னிடம் கொடுத்தாள். மணலில் இறங்கி நடந்தாள். அவன் பின்வாங்கினான். அவள் விடவில்லை. அவன் முழங்கால் தண்ணீர் வரை போய்விட்டான். அவளும் இடுப்பில் சுற்றிய சுலுத் துணி நனைய இறங்கி அவன் காதைப் பிடித்தாள்.

"நீ என்னைக் கொல்லப் பாத்தே, அதை விடு. அறுபது பேருமேதான் பாத்தாங்க. ஒரு வருஷமா என்னைக் கிண்டல் பண்ணாம இருந்தியே, அதைத்தான்டா என்னால மன்னிக்க முடியல. முறைக்காரன் பேசலைன்னா மனுஷி உசுரோட இருக்கான்னு யாருக்குத் தெரியும்?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவன் தலையை இழுத்து, கன்னத்தில் மூக்கை அழுத்தி மூச்சை இழுத்தாள். எல்லோரும் இருமலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். டீச்சர் பழக்கம், நான் விரல் விட்டு எண்ணினேன். ஐந்து, ஆறு, ஏழு. அவள் தோள் மேலே ஏறிக்கொண்டே போனது. பத்து, பதினொன்று. இருமல் வரவில்லை. மெசுலாமேயின் கண்ணீர் அவள் மூக்கில் வழிந்தது.

மெல்ல மூச்சை விட்டாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவன் முகவாயைப் பிடித்து, மற்றக் கன்னத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.